மாதனூர் ட்ரிப்பும் ஒரு தோல் பேக்கிங்கும்

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் பத்து வருஷம் வேலை செய்தேன். தொண்ணூறுகள் முழுக்க நின்றபடியே போனது. முதுகு ஒத்துழைக்காமல் போனதும் அதை விட்டுவிட்டு ஒரு டீசல் வேன் வாங்கி, அதே கம்பெனிக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தேன். கூச்ச சுபாவக்காரனுக்கு டிரைவர் வேலை தோதானது, யாரிடமும் பேச வேண்டியதில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவர் பதினாலு பெண்களோடு ஒரே வண்டியில் போனவராக இருக்க முடியாது.

மாதனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, எட்டரைக்குள் ஆம்பூரில் கம்பெனி கேட்டில் இறக்கிவிட வேண்டும். எட்டரைக்குச் சங்கு ஊதியதும் கேட்டை இழுத்துச் சாத்திவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் மத்தியானம் வரை வெளியே உட்கார வேண்டியதுதான். அரை நாள் சம்பளம் கிடையாது. அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி கூட அரை நாளை விட்டுக்கொடுக்கிற நிலையில் இல்லை. வண்டி ஒரே வாரத்தில் மூன்று தடவை லேட்டானால் ட்ரிப்பை வேறு வண்டிக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கு இருந்தது அந்த ஒரு ட்ரிப்தான்.

வண்டி அப்போது வந்த புது மாடல். எஞ்சின் எனக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். மூடியின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டிருப்பேன். மழைக்காலத்தில் அதன் மேல் உட்காரப் போட்டி நடக்கும், வெயில் காலத்தில் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.

வாங்கி இரண்டு வருஷம் கழித்து வண்டி மந்தமாகிக் கறுப்புப் புகை விட ஆரம்பித்தது. பைபாஸ் ஓரத்தில் ஷெட் போட்டிருந்த மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். ஊரில் பாதி வேன்கள் அவரிடம்தான் போகும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எல்லோரையும் தோஸ்த் என்பார்.

எஞ்சினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஈ.ஜி.ஆர். அடைச்சிக்கிச்சு தோஸ்த்" என்றார்.

அப்படி ஒரு சாமான் என் வண்டியில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அது இன்னா பண்ணும் பாய்?"

"வண்டி வுட்ட பொகையில கொஞ்சத்த எடுத்து மறுபடி வண்டிக்கே குடுக்கும். ஊருக்குக் கெட்ட பொகை கம்மியா போவணும்னு கவர்மெண்டு கேக்குதுல்ல, அதுக்கு."

"தான் விட்ட மூச்சைத் தானே இழுக்கறதா?"

"அதேதான். பீடி குடிக்கிறவன் போர்வைய இழுத்து மூடிப் படுத்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. தேவைப்படும்போது மட்டும் தொறக்கணும், அப்புறம் மூடிக்கணும். கரி சேந்துட்டா மூடாது. எந்நேரமும் பொகையே உள்ள போனா எஞ்சினுக்கு மூச்சு முட்டுமா முட்டாதா?"

எஞ்சினுக்குப் பின்பக்கம், கை மட்டும் போகும், கண் போகாத ஒரு இடத்தில் அந்த வால்வு இருந்தது. தடவித் தடவிக் கழற்றினார். ஒரு கொய்யாக்காய் அளவு சாமான். உள்ளே மாவுக்கல் மாதிரி கரி இறுகிப் போயிருந்தது. டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. திருப்பி மாட்டப் போகும்போதுதான் நடுவில் வைக்கிற பேக்கிங் கிழிந்திருப்பதைப் பார்த்தார். பேக்கிங் என்றால், இரண்டு இரும்பு முகம் சேர்கிற இடத்தில் காற்று கசியாமல் இருக்க நடுவே வைக்கிற மெல்லிசான தகடு. நடுவில் பெரிய வட்டம், இரண்டு பக்கமும் போல்ட் போகச் சின்ன ஓட்டை.

அன்றைக்கு சனிக்கிழமை சாயங்காலம். அந்தப் பேக்கிங் ஆம்பூரில் கிடைக்காது, வேலூரில் வாங்க வேண்டும், மறுநாள் கடை லீவு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் மாதனூரில் இருந்தாக வேண்டும்.

பாய் தாடியைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "நீ கட்டிங்ல இருந்தவன்தான? நல்ல கட்டி தோலா ஒரு துண்டு எடுத்துட்டு வா. நீயே வெட்டு."

வெளியூர்க்காரர்களுக்கு இது வினோதமாக இருக்கும். எங்கள் ஊரில் தோலை நம்பாத இடமே கிடையாது. குழாய் ஒழுகினால் தோலில் வாஷர். கைபம்பு தண்ணீர் இழுக்கவில்லையா, தோலில் வாஷர். கதவு அடித்துக்கொண்டால் சட்டத்தில் ஒரு தோல் துண்டு, மேஜை ஆடினால் காலுக்கு அடியில் ஒரு தோல் துண்டு. துண்டுத் தோலைக் கிலோ கணக்கில் விற்கிற கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. பாய் கேட்டதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கத்தியைத் தொட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இரண்டரை எம்.எம். தோல், மடிப்போ தழும்போ இல்லாத துண்டாகப் பொறுக்கி எடுத்து வந்தேன். கிழிந்த பேக்கிங்கை அதன் மேல் வைத்து, பேனாவால் கோடு போட்டு, ஒரே இழுப்பில் வெட்டினேன். ஓட்டைகள் கூட அச்சு மாதிரி வந்தன. பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கம்பெனி கட்டிங்குனா கம்பெனி கட்டிங்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

ஒரு மாதம் வண்டி பறந்தது.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, ஆம்பூருக்கு முன்னால் வருகிற பாலத்து ஏற்றத்தில், மூன்றாம் கியரில் போக வேண்டிய வண்டி இரண்டுக்கு இறங்கியது. பிறகு ஒன்றுக்கு. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடு தெரியவில்லை, புகைதான் தெரிந்தது. எங்களை ஒரு மாட்டு வண்டி தாண்டிப் போனது. அதை ஓட்டியவர் திரும்பிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பின் சீட்டில் ஒரு பெண் இருந்தாள். தையல் பிரிவில் இருந்தவள், வாய்த்துடுக்கு. அவள் குரல் கொடுத்தாள்: "ண்ணா, நாங்க எறங்கி நடக்கறோம். நீங்க மெதுவா வாங்க. கேட்டுல வெயிட் பண்றோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வழக்கம்போல "ம்" என்றேன்.

அன்றைக்கு எட்டு இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை போய்ச் சேரவில்லை. நாங்கள் கேட்டைப் பார்க்கும்போது சங்கு ஊதி முடிந்து, செக்யூரிட்டி பூட்டு போட்டுக்கொண்டிருந்தார். பதினாலு பேரும் எதிர்ப்பக்கப் புளியமரத்தடியில் மத்தியானம் வரை உட்கார்ந்தார்கள். அதற்கு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிபன் டப்பாவைத் திறந்து, "ண்ணா, கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றார்கள். 

கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கிற ஆபீசர் என்னை உள்ளே கூப்பிட்டார். தோல் படிப்பு படித்தவர், பழைய நாளில் எங்கள் கட்டிங் பிரிவுக்கே சூப்பர்வைசராக இருந்தவர். ஒரு நோட்டில் கோடு போட்டார். "இது ஒண்ணு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அங்கிருந்து நேராகப் பாயிடம் போனேன்.

"பாய், பழையபடி ஆயிடுச்சு. அந்த ஈ.ஜி.ஆர். தான்னு நெனக்கிறேன்."

"அது எப்படி ஆவும்? போன மாசம்தான என் கையால தேச்சேன்? கண்ணாடி மாதிரி வெச்சேன். அதுக்குள்ள கரி எங்கேர்ந்து வரும்? டீசல்ல கலப்படம் தோஸ்த். எந்த பங்க்ல போட்ட?"

டீசல் பில்டரை மாற்றினார். டேங்கை வடித்தார். ஏர் பில்டரைத் தட்டினார். புதன்கிழமை காலை வண்டி அதே புகையோடு, அதே பாலத்தில், அதே ஒன்றாம் கியரில் ஊர்ந்தது. எட்டு இருபத்தொன்பதுக்குப் பெண்கள் குதித்து ஓடினார்கள். கடைசியாக ஓடியவளின் முந்தானை கேட்டில் மாட்டியது.

அன்றைக்கும் சரி, அதற்கு முந்தின நாளும் சரி, எனக்குப் பின் சீட்டில் உட்காருகிற அக்கா ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவரை வண்டியில் எல்லோரும் அக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். என்னை விட ஐந்தாறு வயது பெரியவர். பினிஷிங் பிரிவில், ஷூவின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறுகளைச் சின்னத் தீயில் காட்டிப் பொசுக்குகிற வேலை. பன்னிரண்டு வருஷமாக அதே டேபிள்.

"யப்பா, தோல் தீயிற வாசன வருது."

தோல் வாசனை வராமல் வேறு என்ன வரும்? பதினாலு பேருக்கும் புடவையில், பையில், தலைமுடியில் தோல் வாசனைதான், பசை வாசனைதான். என் வேனைக் கழுவி வெயிலில் நிறுத்தினாலும் போகாது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் அந்த வாசனை. மூக்குக்கு அது தெரிவதே இல்லை.

தையல் பெண் சொன்னாள்: "அக்காவுக்குக் கோயில்ல கற்பூரம் காட்டினாலும் தோல் தீயிற வாசனதான் வரும்."

"போடி. தோல் வாசன வேற, தீயிற வாசன வேற. உனுக்கு ரெண்டும் ஒண்ணு."

நான் வழக்கம்போல "ம்" என்றேன்.

வியாழக்கிழமை இரண்டாவது தடவை லேட். மறுபடி புளியமரம். ஆபீசர் நோட்டில் இரண்டாவது கோடு போட்டார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார். இந்த வாரத்தில் என்கிறாரா, எனக்கு என்கிறாரா என்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

மத்தியானம் பெண்களை உள்ளே விட்ட கையோடு வண்டியை வேலூருக்கு விரட்டினேன். விரட்டினேன் என்பது பேச்சுக்கு. சத்துவாச்சாரியில் ஒரு நாசில் கடை இருந்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாசில்களையும், அதை அனுப்புகிற பம்பையும் மிஷினில் வைத்துச் சோதிக்கிற கடை. அதன் ஓனர் கண்ணாடி போட்ட, பொறுமையான மனுஷர். மேஜையில் ஒரு பைபிள், பக்கத்தில் ஸ்பேனர்கள். நாலு நாசில்களையும் கழற்றி, மிஷினில் மாட்டி அடித்துப் பார்த்தார். நாலும் சாம்பிராணிப் புகை மாதிரி சீராகப் பீச்சின.

"நாசில் நல்லா இருக்கு. பம்பும் நல்லாத்தான் இருக்கு. ஏன் தம்பி அதைப் போட்டுக் கழட்டணும்?" என்றார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "ஈ.ஜி.ஆர். பாத்தாச்சா?"

அவர் சரியான கேள்வியைக் கேட்டார். நான்தான், "போன மாசம் கழட்டி சுத்தம் பண்ணியாச்சு சார்" என்றேன்.

"ஓ. அப்போ அது இல்ல."

இன்னும் ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்க வேண்டும். 'பேக்கிங் தோல்ல வெட்டிப் போட்டோம்' என்று. வாய் வரைக்கும் வந்தது. சத்துவாச்சாரியில் அத்தனை சுத்தமான கடையில், டை கட்டின மருந்து கம்பெனி ஆள் ஒருவர் தன் கார் ரெடியாவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சிரிப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் இப்படி விழுங்கின வாக்கியங்களை எல்லாம் கோர்த்தால் ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வரைக்கும் போகும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அரை மணி முன்னதாகக் கிளம்பினேன். ஆறரைக்கே ஹாரன் அடித்தேன். பெண்கள் ஈரத் தலையோடு, கையில் இட்லியோடு ஓடி வந்தார்கள். ஒருத்தி வண்டியில்தான் பின்னல் போட்டுக்கொண்டாள். பாலத்தில் ஊர்ந்து, நடுவில் ஒரு தடவை நின்று, எப்படியோ சங்குக்கு முன்னால் போய்விட்டோம். ஆனால் வண்டி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமைக்கு ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், அடுத்த வாரத்துக்கு ஐந்தரை. இதற்கு அவர்கள் ராத்திரி கம்பெனியிலேயே படுத்துக்கொள்ளலாம். ஆபீசர் சனிக்கிழமை, "திங்கட்கிழமை வரும்போது ரெண்டு லேட்டுக்கும் காரணம் எழுதிக் கொண்டாந்து குடு. அன்னைக்கும் லேட்டுனா, புது வாரம்னு பாக்க மாட்டேன், எழுத வேணாம், சாவியைத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டி குலுங்கி நின்றது. ஸ்டார்ட் செய்தால் உதறியது, அணைந்தது. பெண்கள் ஒவ்வொருத்தரும் ஒரு யோசனை சொன்னார்கள். தண்ணீர் ஊற்றச் சொன்னாள் ஒருத்தி. எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாள் ஒருத்தி. தன் வீட்டுக்காரருடைய டி.வி.எஸ். இப்படித்தான் செய்யும், ஓங்கி உதைத்தால் சரியாகிவிடும் என்றாள் தையல் பெண்.

அக்கா மட்டும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "யப்பா, அந்த மூடியத் தொற."

"சூடா இருக்குங்க்கா."

"தொறன்றேன்ல. நாலு நாளா சொல்றேன், ம் ம்-னு தலையாட்டற. பூம்பூம் மாடுகூட எப்பவாச்சும் இல்லன்னு ஆட்டும்."

போர்வையை எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினேன். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, நேர்மாறாக மூக்கை உள்ளே நீட்டினார். முன்பக்கம் முகர்ந்தார், தலையாட்டினார். நடுவில் முகர்ந்தார். பிறகு எஞ்சினுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க. இது குரோம் தோலு. தீ அதிகமாப் பட்டு சுருங்கிக் கருகின வாசன. என் டேபிள்ல புதுப் பொண்ணு யாராவது தீயக் கிட்ட காட்டினா இதே வாசனதான் வரும், சூப்பர்வைசர் வந்து திட்டுவாரு. எஞ்சினுக்குள்ள தோலு எப்படிப்பா போச்சு?"

  அவர் கை காட்டிய இடம், கை மட்டும் போகும், கண் போகாத அந்த இடம்தான். அங்கே தோல் எப்படிப் போனது என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

மரப்பட்டை போட்டுப் பதப்படுத்துவது வெஜிடபிள் தோல், ரசாயன உப்பு போட்டுப் பதப்படுத்துவது குரோம் தோல். குரோம் தோல் சூட்டில் சுருங்கும். முறுக்கிக்கொண்டு அப்பளம் மாதிரி விறைத்துவிடும். இது பினிஷிங் டேபிளில் நேற்று சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். பத்து வருஷம் கட்டிங்கில் இருந்த எனக்கும் தெரியும். தெரிந்த விஷயம் தேவைப்பட்ட நேரத்தில் தலைக்குள் வரவில்லை. சைலன்சருக்குப் போகிற குழாயிலிருந்து சூடான புகை நேராக வந்து மோதுகிற இடத்தில், குழாய் வாஷர் மாதிரி நினைத்துக்கொண்டு தோலை வைத்திருக்கிறோம்.

அன்றைக்குப் பெண்களை வேறு ஒரு ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக அனுப்பிவிட்டு, வண்டியைத் தள்ளாத குறையாகப் பாய் ஷெட்டுக்குக் கொண்டு போனேன். "பாய், அந்த வால்வைக் கழட்டுங்க" என்றேன்.

"அதான் சொன்னேனே, அது—"

"கழட்டுங்க பாய்."

என் குரலைக் கேட்டு அவரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கழற்றினார். முதலில் வால்வுக்குப் போகிற சின்ன ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி விட்டார். நல்ல வால்வாக இருந்தால் உறிஞ்சும்போது உள்ளே இருக்கிற தண்டு மேலே ஏறும், விட்டதும் டொக்கென்று விழுந்து மூடிக்கொள்ளும். இதில் டொக் வரவில்லை. மறுபடி உறிஞ்சினார். வரவில்லை.

வால்வு வெளியே வந்ததும் வெளிச்சத்தில் பிடித்தோம். நான் வெட்டிய பேக்கிங் ஒரு பக்கம் முழுக்க இல்லை. இன்னொரு பக்கம் கரிக்கட்டையாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. காணாமல் போன பாதியில் ஒரு துண்டு, நகத்துணுக்கு அளவில், கறுப்பாகச் சுருண்டு, வால்வு மூடுகிற இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. தண்டு இறங்கி மூட முடியாமல் அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. அந்தத் துணுக்குக்காக ஒரு டேங்க் டீசல் வடித்து, ஒரு பில்டர் மாற்றி, நாலு நாசில் கழற்றி, பதினாலு பேரை இரண்டு நாள் புளியமரத்தடியில் உட்கார வைத்திருக்கிறேன்.

பாய் துணுக்கை விரலில் எடுத்துப் பார்த்தார். "நீ வெட்டினது" என்றார்.

"நீங்க கேட்டது."

"நான் தோலு கேட்டேன். எந்தத் தோலுன்னு நீதான பாக்கணும்? கம்பெனி ஆளு நீ."

"எங்க வெக்கறதுன்னு நீங்கதான பாக்கணும்? மெக்கானிக்கு நீங்க."

 பிறகு பாய் எழுந்து போய் ஒரு பெயிண்ட் டப்பா மூடியை எடுத்து வந்தார். "பேஜார் வுடு தோஸ்த். இதுல ஒரு தகடு வெட்டி, ஓட்டையே இல்லாம அடைச்சிடலாம். ஈ.ஜி.ஆரே இல்லாத மாதிரி ஓடும். நெறைய பேரு அப்படித்தான் ஓட்டறான். நீயே வெட்டிடு, உன் கை சுத்தம்."

கத்தியை என் பக்கம் நீட்டினார். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை.

"வேணாம். நான் இனிமே எதையும் வெட்ட மாட்டேன். கம்பெனி பேக்கிங் வாங்கிட்டு வர்றேன்."

"நாளைக்கி ஞாயித்துக்கிழம. கடை இருக்காது."

"பாத்துக்கறேன்."

அதுதான் அவரிடம் நான் முடியாது என்று சொன்ன முதல் தடவை. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வேலூர் போனேன். உதிரி பாகக் கடைகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நாசில் கடைக்காரர். கடையும் சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்தால், சர்ச்சுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். சர்ச் வாசலில் போய் நின்றேன். உள்ளே பாட்டு நடந்தது. பாட்டு முடிந்தது, பிரசங்கம் ஆரம்பித்தது. இப்போது முடியும் என்று நினைத்தால் மறுபடி பாட்டு. செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், கருகிய பேக்கிங்கைத் தாளில் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, இரண்டு மணி நேரம் நின்றேன். ஒரு பெரியவர் என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அதற்கும் கூச்சப்பட்டு, "பரவால்ல சார்" என்றேன்.

வெள்ளைச் சட்டையில் வெளியே வந்த கடைக்காரருக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. தாளைப் பிரித்துக் காட்டினேன். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை. தோல் வெட்டியது முதல் அக்கா முகர்ந்தது வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சிரிக்காத ஆளுக்குப் பயந்து அல்லவா வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை தம்பி" என்றார்.

"ஆமா சார்."

சாப்பிடக்கூடப் போகாமல் கடையைத் திறந்து, ஒரு இழுப்பறையைக் கிளறி, எண்ணெய்த் தாளில் சுற்றிய இரும்பு பேக்கிங் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விரலால் தட்டினால் ணங் என்றது. "ரெண்டு போல்ட்டையும் சமமா முறுக்கச் சொல்லுங்க. மாட்டறதுக்கு முன்னாடி வால்வை உறிஞ்சிப் பாருங்க. சத்தம் வரணும்."

சாயங்காலம் பாய் ஷெட்டில் வால்வைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரப்பர் குழாயை நானே வாயில் வைத்து உறிஞ்சினேன். டீசல் கசப்பும் கரியும் நாக்கில் ஒட்டின. விட்டேன். டொக். மறுபடி உறிஞ்சி விட்டேன். டொக். பாய், "போதும் தோஸ்த், அது இன்னா நாதசுவரமா?" என்றார். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உதறவில்லை. புகை இல்லை.

ராத்திரி உட்கார்ந்து ஆபீசருக்கு ஒரு பக்கம் எழுதினேன். பத்தாவது முடித்த பிறகு நான் எழுதின முதல் கடிதம்.

திங்கட்கிழமை பாலத்து ஏற்றத்தில் வண்டி மூன்றாம் கியரிலேயே போனது. அரை மணி முன்னதாகக் கிளம்பும் பழக்கத்தை மாற்றச் சொல்ல மறந்துவிட்டேன், அதனால் ஏழு நாற்பதுக்கே கேட்டில் நின்றோம். கேட் இன்னும் திறக்கவில்லை. பதினாலு பேரும் மறுபடி அதே புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தார்கள்.

"லேட்டானாலும் இங்கதான், சீக்கிரம் வந்தாலும் இங்கதான்" என்றாள் தையல் பெண். "ண்ணா, இந்த மரத்த எங்க பேருக்கே எழுதி வெச்சிருங்க."

ஆபீசர் என் கடிதத்தை நின்றபடியே படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"எத்தன எம்.எம்.?"

"ரெண்டரை சார்."

"குரோமா, வெஜிடபிளா?"

"குரோம் சார்."

"கட்டிங்ல எத்தன வருஷம் இருந்த?"

"பத்து சார்."

 கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எஞ்சின் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு, போதும். தோல் கம்பெனி பைல்ல, தோலால வண்டி லேட்டுன்னு ஒரு லெட்டர் இருக்கக்கூடாது." நோட்டை எடுத்து, அந்த வாரத்துப் பக்கத்தைத் தாண்டிப் புதுப் பக்கத்தைத் திருப்பினார். "ட்ரிப் உனக்குத்தான். போ."

அதற்குப் பிறகு அந்த வண்டியை ஏழு வருஷம் ஓட்டினேன். அந்தப் பேக்கிங் மறுபடி தொந்தரவு தரவில்லை. அக்கா நம்பவில்லை. தினமும் காலையில் அவர் ஸ்டாப்பில் நிற்கிற ஐந்து பேரில் முதல் ஆளாக ஏறி, உட்காராமல் எஞ்சின் மூடிப் பக்கம் குனிந்து, கண்ணை மூடி, நிதானமாக ஒரு தடவை மூச்சை இழுப்பார். வாசலில் மற்ற நாலு பேரும் காத்திருப்பார்கள். மணி ஓடிக்கொண்டிருக்கும், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிப்பான். "சரி, போலாம்பா" என்று அவர் சொன்ன பிறகுதான் யாரும் ஏறுவார்கள். இதில் தினமும் இரண்டு நிமிஷம் போகும். சீக்கிரம் ஏறுங்கள் அக்கா என்று சொல்ல ஏழு வருஷமும் வாய் வரைக்கும் வந்தது. "ம்" என்று சொல்லிவிட்டு கியரைப் போடுவேன்.